கௌரவமான கட்டி

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து கரும்பலகைக்கு முன்னாலேயே விழுந்தேன். ஸ்கேன் எடுத்ததில் மூளையில் ஒரு கட்டி தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாங்கள் திரும்புவதற்குள் கே.கே. நகரிலிருந்து என் நாத்தனார், என் கணவரின் அக்கா, வந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்தவர் வீட்டில் துக்கம் என்றால் அவளுக்குக் காலில் சக்கரம். "கேன்சர் கட்டிதான், வேறென்ன!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி கேட்டாள்.

டாக்டர் அப்படி அவசரப்படவில்லை. படத்தை வைத்து என்ன கட்டி என்று சொல்ல முடியாது, மண்டையைத் திறப்பதற்கு முன் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

"அதே மெஷின்தாங்க," என்றார் ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன். "முன்னாடி எடுத்தது கட்டியோட படம். இப்ப மூளையில எந்த ரசாயனம் எங்கெங்க எவ்வளவு இருக்குன்னு மேப் போடும். தலையை மட்டும் அசைக்காதீங்க."

அசைக்கவில்லை. கடகடவென்று இடிக்கிற அந்தக் குழாய்க்குள், வெளியே நாத்தனார் போனில் என் காரியத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்து வயிறெரிந்தபடி கிடந்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் திரையில் காட்டினார். என் மூளைமேல் கட்டம் கட்டமாகப் போட்டு, நீலமும் சிவப்புமாக நிறம் கொடுத்திருந்தது. "கேன்சர் கட்டின்னா கோலின்ங்கிற ரசாயனம் நல்லா ஏறியிருக்கும். இங்க ஏறலை. கொழுப்புதான் தூக்கலா நிக்குது. மத்த டெஸ்ட்டையும் சேர்த்துப் பார்த்தா இது டி.பி. கட்டிங்க. மாத்திரையிலேயே கரைஞ்சிடும். நெஞ்சுல ஒண்ணும் இல்லை, அதனால யாருக்கும் ஒட்டாது."

பிழைத்தேன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் என் கணவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெளியே காத்திருந்த நாத்தனாரிடம் அவர்தான் சொன்னார். "டி.பி.யா? கருமம்! நம்ம குடும்பத்துலயா?" என்று புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். "என் பொண்ணைப் பார்க்க அடுத்த வாரம் வர்றாங்க. யார் கேட்டாலும் ட்யூமர்னே சொல்லுங்க. அது பெரிய மனுஷங்களுக்கெல்லாம் வருது."

"எனக்கு ட்யூமர் இல்லைங்கிறதுல உங்களுக்கு அவ்வளவு வருத்தமா அண்ணி?"

"உனக்கென்னம்மா, நீ பொழைச்சுக்குவே. நாங்கதானே ஊர்ல தலை காட்டணும்."

அவளை விடுங்கள், அந்த ஜென்மம் அப்படித்தான். என் கணவர் படித்தவர். திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவர். நான் செத்துவிடுவேன் என்று நம்பிய இரண்டு வாரமும் தயிர்சாதம் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டார். நான் மிச்சம் வைத்ததை அதே தட்டில் அவரே சாப்பிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, முதல் மாத்திரையை விழுங்கத் தண்ணீர் கேட்டேன். அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். ஆணியைத் தேடிப் பிடித்து, அதன் விளிம்பில் என் பெயரின் முதலெழுத்தை நிதானமாகக் கீறினார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றினார்.

சீ, இந்த மனுஷனோடு வாழவா பிழைக்க ஆசைப்பட்டேன் என்று ஆகிவிட்டது எனக்கு.