கேமராவுக்கு வைத்த பொட்டு

காலை 9.20. தூத்துக்குடியில் திருச்செந்தூர் பேருந்து ஏறினேன். கொற்கையைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்தவன் நான். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் இப்போது வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர் என்கிறார்கள். முக்காணியில் இறங்கிப் போகவேண்டும். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய்.

முள்ளக்காடு தாண்டியதும் உப்பளங்கள். வெயில் முழுதாக ஏறுமுன்பே கண் கூசியது. பக்கத்து வரிசையில் இருந்த பெண், உறை பிரிக்காத பென் டிரைவ் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“சார், இதுல வீடியோ ஏத்தத் தெரியுமா?”

பெயர் செல்வி. கணவர் உப்பு ஏற்றும் மினி வேன் ஓட்டுகிறவர். ஆயுத பூஜை அன்று மதியம் வாகனச் சோதனையில் போலீஸ்காரர்களோடு வாய்த்தகராறு. இப்போது கால் முறிந்து, காவலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். குடித்துவிட்டு வேனிலிருந்து தானே குதித்துக் காலை முறித்துக்கொண்டதாக வழக்கு. எதிரே ஒரு பலசரக்குக் கடையில் கேமரா இருக்கிறது. அதன் பெட்டியில் பதிவு பதினைந்து நாள்தான் நிற்கும். பிறகு தானாக அழிந்துவிடும்.

“இன்னையோட பதினாலு நாளு. கடைக்கார அண்ணாச்சி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாவ. ஒண்ணும் தெரியலைன்னு சொல்லுதாவ. தெரியுதோ தெரியலையோ, நான் பாக்கணும்லா?”

முக்காணி வந்தது. கொற்கை எங்கே ஓடிவிடப் போகிறது? நடத்துநரிடம் இன்னும் ஆறு ரூபாய் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

10.30. ஆறுமுகநேரிக்குச் சற்று முன்னால் இறங்கினோம். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று பிறகு கடைக்காரர் கேட்டுக்கொண்டார். செல்வியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“ஏளா, நான் பொய்யா சொல்லுதேன்? வா, நீயே பாரு.”

கல்லாவுக்குப் பின்னால் இருந்த சிறிய திரையில் அந்த நாளை எடுத்தார். நடுவில் பெரிய மங்கலான வட்டம். சுற்றிலும் சாலையின் ஓரங்கள் மட்டும் தெரிந்தன. பூஜையன்று தராசு, கத்தி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர், ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவின் கண்ணாடிக்கும் வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“போலீசு மறுநாளே வந்து பாத்தாவ. பொட்டைப் பாத்துச் சிரிச்சிட்டுப் பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டாவ. பக்கத்துக் கடைப் பெட்டியத் தூக்கிட்டுப் போனாவ. எம்பெட்டியத் தொடவே இல்ல.”

“கடைசிவரை ஓடட்டும்” என்றார் செல்வி.

1.12க்கு இடது ஓரத்தில் வேன் நிற்கிறது. ஒருவர் கதவைத் திறந்து, கையில் காகிதங்களோடு இறங்கி, விறுவிறுவென்று நடந்து பொட்டுக்குள் மறைகிறார். பிறகு பொட்டின் மேல்விளிம்பில் லத்தியின் நுனி மட்டும் ஏறி இறங்குகிறது. செல்வி வாய்க்குள் எண்ணினார். நான் எண்ணவில்லை. 1.19க்கு வலது ஓரத்தில் இரண்டு காக்கிச் சட்டைக்காரர்கள் அவரை ஜீப்புக்கு இழுத்துப் போகிறார்கள். ஒரு கால் தரையில் தேய்கிறது.

அண்ணாச்சி அதுவரை பார்த்ததில்லை. “நானும் பொட்டோட நிறுத்திட்டேன், தாயி” என்றார். அவமானமாக இருந்திருக்கவேண்டும். வெகுநேரம் எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

படியெடுக்க இருபது நிமிடம் ஆனது. வக்கீல் கொடுத்த தாளைச் செல்வி நீட்டினார். பதிவு இந்தக் கடைப் பெட்டியில் இருந்ததுதான் என்று உரிமையாளர் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணாச்சி வாசலை ஒருமுறை பார்த்தார்.

“நாளைக்குப் போலீசு இங்கனதான வருவாவ. நான் கடை வச்சிப் பொழைக்கணும்.”

செல்வி நீட்டிய தாளை மடிக்கவில்லை. அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“பொட்டு வச்சது நான்தான்னும் எழுதணுமா?”

“எழுதுங்க, அண்ணாச்சி.”

பகல் 12.40. திரும்பும் பேருந்து. திருச்சியில் எங்கள் தெருவிலும் கேமராக்கள் உண்டு. எது எதைப் பார்க்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. முக்காணியில் இப்போதும் நான் இறங்கவில்லை. செல்வி என் கைபேசியைக் கேட்டார். அதிலும் ஒரு படி எடுத்து வைத்திருந்தேன். லத்தி வரும்வரை அவர் ஓடவிடவில்லை. வேனிலிருந்து இறங்கிப் பொட்டுவரை போகும் அந்தச் சில அடிகளையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“எம்புட்டு வேகமா நடக்காவ பாருங்க, சார்.”