முதுகுக்குப் பின்னால் நிற்காத பார்வதி அக்கா

பார்வதி அக்கா இறந்துவிட்டார் என்று முன்பு என்னோடு வேலை செய்த சுகந்தி தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. "ஆர் உனக்குச் சொன்னது?" என்றுதான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களைச் செத்துவிட்டதாகவும், செத்தவர்களை உயிரோடு இருப்பதாகவும் எத்தனையோ கதைகள் வந்து போயிருக்கின்றன. எதையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் நான் நம்புவதில்லை. ஆகவே அக்காவின் இலக்கத்துக்கே எடுத்தேன். மகள் பேசினாள். "ஓம் அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா. நெஞ்சு நோகுது எண்டவா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுது." அதற்குப் பிறகுதான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

முல்லைத்தீவுக் காடுகளில் அவரோடு கண்ணிவெடி அகற்றிய உங்களுக்கு நான் அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் அணிக்கு அவர் பொறுப்பாளராக இருந்தார். அவருடைய பெற்றோர் மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். வந்த புதிதில் அதையும் ஒரு குறையாக வைத்துச் சிலர் கதைத்தார்கள். நான் அதைக் கதைக்கவில்லை. என்னுடைய சந்தேகம் வேறு.

அவருக்கு முன்பு இருந்த பொறுப்பாளர் நாள் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். கை கொஞ்சம் ஓய்ந்தால் சத்தம் போடுவார். பிழை விட்டவளைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திக் கிழிப்பார். அது எங்களுக்குப் பழகிய கெடுபிடி. பார்வதி அக்காவோ சோதிக்க வேண்டிய நேரத்தில் வந்து முறைப்படி சோதித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஏன் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "நான் உங்கட முதுகுக்குப் பின்னால நிண்டா, நீங்கள் நிலத்தைப் பாக்க மாட்டியள். என்னைத்தான் பாப்பியள்" என்றார். பதில் எனக்குப் பிடித்தது, நம்பிக்கை வரவில்லை. காவல் இல்லாத இடத்தில் கட்டாயம் உளவு இருக்கும் என்பது சண்டை முடிந்து முள்வேலி முகாமில் இருந்து வந்தவளுக்குத் தெரியாதா? எங்களுக்குள் யாரோ ஒருத்தி எல்லாவற்றையும் அக்காவின் காதில் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன். அக்காவோடு அதிகம் சிரித்துக் கதைப்பவள் சுகந்தி. ஆகவே அவள்தான்.

காலையில் கவசம் போடுவதற்கு முன்பு அக்கா ஒவ்வொருத்தியிடமும் கேட்பார். "இண்டைக்கு மனம் எப்படி? ஏலாட்டிச் சொல்லுங்கோ." ஏலாது என்றால் காரணம் கேட்கமாட்டார், அன்றைக்கு வெடி தேடும் வேலை தரமாட்டார். இது ஆளைப் பிடிக்கும் பொறி என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க ஒருநாள், கல்லுக்குண்டு மாதிரிச் சுகமாக இருந்துகொண்டே, "ஏலாது அக்கா" என்றேன். "சரி, தடியளுக்குப் பெயின்ற் அடியுங்கோ" என்றார். அவ்வளவுதான். எல்லைக் குறித் தடிகளுக்குச் சிவப்படித்துக்கொண்டு பின்னேரம் வரை ஏச்சுப் பேச்சுக்காகக் காத்திருந்தேன். பேச்சு வரவில்லை. மாதம் போயும் வரவில்லை. நல்லாகச் சேர்த்து வைத்து ஒரேயடியாகத் தரப்போகிறார் என்று இன்னும் கவனமானேன்.

பிறகு அந்த மழை நாள். வெடி தேடும்போது ஒவ்வொருத்தியும் ஒடுங்கிய ஒரு பாதையாகத் தேடிக்கொண்டு போவோம், முன்னால் குறுக்காக ஒரு கோல் கிடக்கும். கோலுக்கு இந்தப் பக்கம் தேடி முடித்த நிலம், அந்தப் பக்கம் தேடாத நிலம். தேடத் தேடக் கோல் முன்னால் நகரும். மத்தியானம் திடீரென்று மழை கொட்ட எல்லோரும் கொட்டிலுக்குப் போனோம். மழை விட்டதும் திரும்பி வந்து மிச்ச வேலையை முடித்தோம். பின்னேரம் வாகனத்தில் ஏறிய பிறகு சுகந்தி திடீரென்று எழும்பினாள்.

"அக்கா, மழைக்கு ஓடேக்க என்ர கால் பட்டுக் கோல் இடம்விட்டு அரக்கினது. திரும்பி வந்து குத்துமதிப்பாத்தான் வைச்சனான். முன்னுக்கு வைச்சிட்டனோ எண்டு இப்ப பயமாக் கிடக்கு."

பழைய பொறுப்பாளர் என்றால் அதோடு அவளுடைய வேலை போயிருக்கும். அக்கா அவளுடைய தோளில் கையை வைத்தார். "சொன்னது நல்லது. நாளைக்கு நான் சொல்லும்வரை அந்தப் பாதையில ஒருதரும் கால் வைக்கக்கூடாது."

அடுத்த நாள் என்னுடைய இடத்துக்குப் போவதற்கு இருந்த ஒரே வழி அந்தப் பாதைதான்.

காலையில் அந்தத் துண்டைத் திரும்பவும் தேட அக்கா சுகந்தியையே அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிழை விட்டவளிட்டயே திருப்பிக் குடுக்கிறியளோ?" என்று நேரடியாகவே கேட்டேன். "தன்ர பிழையைத் தானே வந்து சொன்னவளை விட, அந்த இடத்தைக் கவனமாப் பாக்க இஞ்ச ஆர் இருக்கினம்? வேணுமெண்டா நீங்கள் சொல்லுங்கோ" என்றார். கொஞ்ச நேரத்தில் சுகந்தி கையை உயர்த்தினாள். கோல் தாண்டிப்போன சாண் அகல நிலத்தில், சரியாகப் பாதையின் நடுவில், ஒரு மிதிவெடி கிடந்தது.

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. உளவு சொல்கிற வேறு யாரோ கோல் அரக்கியதைக் கண்டிருப்பாள், மாட்டிக்கொள்ளுவோம் என்ற பயத்தில்தான் சுகந்தி முந்திக்கொண்டு சொன்னாள் என்று கணக்குப் போட்டேன். வேலையை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்த பிறகும் அந்த உளவுக்காரி யார் என்று யோசிப்பதை விடவில்லை.

செத்தவீட்டில் நானும் சுகந்தியும் குசினிக்குப் பின்னால் தேத்தண்ணிக் கிளாஸ்கள் கழுவிக்கொண்டிருந்தோம். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டே விட்டேன். "உண்மையைச் சொல்லு. அக்காவுக்கு எங்கட கதையளைக் கொண்டுபோய்ச் சொன்னது ஆர்? நீயோ?"

அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயெண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்?"

வந்திருந்த எங்கள் அணியின் மற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்டோம். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியின் பெயரைச் சொன்னாள். உளவு சொன்னவள் என்று ஒருத்தியும் இருக்கவில்லை. அந்த மனிசி எங்களை உண்மையாகவே நம்பியிருக்கிறார், வேறு ஒன்றுமில்லை. சுகந்தி அந்த மழை நாளில் வாயைத் திறந்ததும் பயத்தால் அல்ல, சொன்னால் அக்கா கேட்பார் என்பதால்தான். இதை அவர் இருக்கும்போது விளங்கிக்கொள்ளாமல் போனேனே என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கிளாஸ்களை அப்படியே போட்டுவிட்டு அழுதேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவோம். அன்றைக்கும் பிரேத வாகனம் வெளிக்கிட்டதும் மற்றப் பெண்கள் நின்றார்கள். யாரோ ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, நீங்கள் நில்லுங்கோ" என்றார். நான் நிற்கவில்லை. அக்கா எனக்கு மிச்சம் வைத்துப்போன இரண்டு கால்களாலும் சுடலை வரைக்கும் நடந்தேன்.