சிகாமட் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு நாற்காலி

மலாயாவில், சிகாமட் ரயில் ஸ்டேஷனில் ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி மயங்கி விழ, அவள் புருஷனுக்குத் துணையாக நானும் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன். என் கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்து, அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர், என்னை அவர்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்று எண்ணி நாற்காலி போடுகிறார். புருஷனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

"எத்தன நாளா காய்ச்சல், கிராணியாரே?"

நான் யாரோ வழிப்போக்கன் என்று சொல்லியிருக்கலாம். "ரெண்டு நாளா இருக்கும்" என்கிறேன். ஏன் சொன்னேன்? அந்த நாற்காலிக்காகவா? டிரெசர் கொயினா மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்.

"ஐயோ, காய்ச்சல் இல்லீங்க!" வாசலிலிருந்து புருஷன் கத்துகிறான். "முழுகாம இருக்காங்க. காலையிலேருந்து ரத்தம் போவுது!"

டிரெசரின் கை நின்றுவிடுகிறது. "மொதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று அவனைத்தான் திட்டுகிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்சு ஓடிவந்து அவளை உள்ளே கொண்டுபோகிறாள்.

சற்றுப் பொறுத்து, உயிருக்குப் பயமில்லை என்று சேதி வருகிறது. புருஷன் என்னைக் கும்பிடுகிறான்.

"நீங்க வரலேன்னா எங்கள உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க, ஐயா."

அதுவும் உண்மைதான். நான் செய்தது உதவியா, கெடுதலா? எழுந்து, "உட்காரப்பா" என்று நாற்காலியை அவன் பக்கம் தள்ளுகிறேன்.

அவன் டிரெசரின் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருக்கிறான்.