வெள்ளிக்கிழமை அப்பிள் பை

கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? பிலோமினம்மாவின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இலேசில் பதில் சொல்ல முடியாது. கேட்காமலே உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்காக அடியும் வாங்கியவர் அவர்.

மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில், கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் நெருங்கினால் அவர் வீட்டில் பன்றிக் கொழுப்பு உருக்குவார்கள். தாய் கொழுப்பைப் பாக்களவு துண்டுகளாக வெட்டி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் வைப்பாள். தண்ணீர் வற்றி நெய் தெளியும்போது துண்டுகள் பொன்னிறமாகச் சுருங்கி மேலே மிதக்கும். அவற்றை அள்ளி, உப்புத் தூவி, பிட்டோடு பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். வெள்ளையாக உறைந்த நெய்யில்தான் கொக்கிஸ் பொரிப்பது. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, அதில் பூ அச்சைத் தோய்த்து, கொதிக்கிற நெய்யில் பிடித்து ஆட்டினால் பூ கழன்று விழும். தேங்காய் எண்ணெயில் பொரித்தது சீக்கிரம் இளகிவிடும். இது நத்தார் கழிந்தும் பல்லில் நொறுங்கும்.

கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கிலிருந்த ஞானாம்பிகைக்கு இந்தக் கொக்கிஸில் உயிர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் ஒருவரின் மகள். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத வீடு.

"இது பண்டி நெய்யில சுட்டது. நீ தின்னுவியா?" என்று முதல் நாளே சொன்னாள் சிறுமி பிலோமினா.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. தா."

ஞானாம்பிகையின் தாய் புத்தகங்களுக்கிடையில் ஒரு துண்டைக் கண்டுபிடித்து, விசாரித்து, நேரே வகுப்புக்கே வந்துவிட்டாள். மகள் எழுந்து விரலை நீட்டினாள். "இவள் சொல்லேல்லை, அம்மா. ஏமாத்தித் தந்தவள்."

சிஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் பிலோமினாவைக் கையில் அடித்தார். கை ஆறிவிட்டது. ஆனால் அதோடு அவள் தாய் கொழுப்பு உருக்குவதையே விட்டுவிட்டாள். ஊர் வாயில் விழ ஏலாது என்றாள். அடியை அல்ல, இதைத்தான் பிலோமினாவால் மன்னிக்க முடியவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, கனடாவில், மொன்றியலில் அவருக்கு ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு பேக்கரியில் வேலை. அப்பிளை மா ஓட்டுக்குள் அடைத்துப் போறணையில் சுடும் அப்பிள் பைதான் அங்கே பெயர் பெற்றது. கியூபெக்காரரின் பழைய வழக்கப்படி அந்த ஓட்டு மாவைப் பன்றி நெய்யில் பிசைவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலால் வந்த கையோடு, நெற்றி நிறையத் திருநீறுடன் ஒருத்தி உள்ளே வந்தாள். ஞானாம்பிகை. பிலோமினம்மாவுக்குக் கண்டதும் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, இதில முட்டை இருக்கோ?"

"இல்லை, அக்கா."

"அப்ப சைவம்தான். நீங்கள் எந்த ஊர்?"

"மட்டக்களப்பு."

"ஓ! நானும் சின்னனில அங்க இருந்தனான். நல்ல சனம். சாப்பாட்டில மட்டும் ஆசாரம் பாக்காதுகள்."

பிலோமினம்மா சிரித்தபடி பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

பிறகு வருடக்கணக்காக வெள்ளி தவறாமல் வந்தாள். முட்டையைப் பற்றிக் கேட்பாள். நெய்யைப் பற்றிக் கேட்டதில்லை. பின்னேரங்களில் அதே கடையில் வேலைக்கு நிற்கும் பிலோமினம்மாவின் மகள் மேனுகாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா, பாவம். சொல்லிடுங்க."

"கேட்டாச் சொல்லுவன். அண்டைக்குக் கேக்காமலே சொன்னன். கண்ட பலன் தெரியும்தானே?"

உள்ளுக்குள் அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு. தனியாகச் சொல்லி என்ன பயன்? அந்த வகுப்பைப் போல ஆட்கள் நிறைந்த இடத்தில் சொல்ல வேண்டும். பழி என்றால் சாட்சியும் வேண்டும்.

2007 இலையுதிர் காலத்தில் ஞானாம்பிகையின் கணவர் பேரின்பநாதன் காலமானார்.

"அவருக்கு உங்கட அப்பிள் பை எண்டா விருப்பம், தங்கச்சி. முப்பத்தோராம் நாள் படையல்ல வைக்கோணும். வாற சனத்துக்கும் குடுக்கோணும். நீங்களும் கட்டாயம் வாங்கோ."

"வாறன், அக்கா."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். "எல்லாரும் திண்டு முடியட்டும். பேந்து எழும்பிச் சொல்லுறன்."

"செத்த வீட்டிலயா, அம்மா?"

"எங்கட நத்தாரைக் கெடுக்கேக்குள்ள அவள் நாள் பாத்தவளா?"

முப்பத்தோராம் நாள் காலை மேனுகா பேக்கரிக்கு உதவிக்குப் போனபோது, தாய் மேசையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருந்தார். தான் வாங்கி வந்த வெண்ணெயில் மா பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"அப்பிளை வெட்டு."

ஞானாம்பிகையின் வீடு நிறையச் சனம். பேரின்பநாதனின் தமையன் அருமைநாதன் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"பிள்ளை, நல்லாப் பொருபொருக்குது. என்னத்தில செய்தது?"

அத்தனை வருடமும் கேட்கப்படாத கேள்வி. மேனுகா தாயைப் பார்த்தாள்.

"வெண்ணெயில, அண்ணை," என்றார் பிலோமினம்மா.

"இவ சொன்னா நம்பலாம்," என்றாள் பக்கத்தில் நின்ற ஞானாம்பிகை.

பிலோமினம்மா அவளுக்கும் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் மேனுகா நினைத்தாள். அடுத்த வெள்ளி ஞானாம்பிகை பொட்டில்லாத நெற்றியோடு கடைக்கு வந்தாள். நெய்யைப் பற்றி அன்றும் கேட்கவில்லை. பிலோமினம்மா அன்று காலை பன்றி நெய்யில் தன் கையாலேயே பிசைந்து சுட்டதில் ஒன்றை எடுத்து, பெட்டியில் வைத்து, நூல் கட்டிக் கொடுத்தார்.

"வெளியில வழுக்குது. கவனமாப் போங்கோ, அக்கா."

கதவு மூடியதும் மேனுகா ஏன் என்று கேட்டாள். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டாள். பிலோமினம்மா வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார்.