இரட்டைக் கோடு விழுந்த கல்யாணங்கள்

கணவர் இறந்த மறு வருஷம், வம்சாவளி எழுதும் மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் ஏற்றினேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; தென்காசியில் தனியாக இருக்கிறேன். பொழுது போக வேண்டுமே என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் நாளே தடுமாற்றம். எங்கள் குடும்பத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே பெயரில் நான்கு ஆண்கள். 'இவர்கள் ஒரே ஆளா?' என்று மென்பொருள் கேட்டுக்கொண்டே இருந்தது. பெயருக்குப் பின்னால் செங்கோட்டை, அச்சன்புதூர் என்று ஊரைச் சேர்த்துச் சமாளித்தேன். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு உத்தேசமாக ஒரு வருஷம் போடலாம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பெரிய சிக்கல் என் கணவர்தான். அவர் என் அத்தை மகன். அத்தையின் பிள்ளையாக ஒரு முறை, என் கணவராக ஒரு முறை என்று அவரை இரண்டு ஆளாகப் பதிந்துவிட்டேன். புது ஆளாகச் சேர்க்காமல், ஏற்கெனவே இருப்பவரோடு இணைக்க வேண்டுமாம். இணைத்ததும் எங்கள் இருவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு விழுந்தது. என் அப்பா அம்மாவுக்கு நடுவிலும் விழுந்தது. சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு அப்படித்தான் வரும்.

அந்த இரட்டைக் கோட்டை நான் முன்பே ஒரு தாளில் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவருக்குக் குற்றாலத்தில் எண்ணெயும் துண்டும் விற்கிற கடை. முதல் பிள்ளை ஆண். ஐந்தாம் மாதம்வரை சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத் தலை நிற்காமல் போனது, பிறகு வலிப்பு. ஏழு மாதத்தில் போய்விட்டான். இரண்டாவது, பெண். சீசன் கூட்டத்தில் கடையை விட்டு அவர் வருவதற்குள், ஒன்பதாம் நாளே முடிந்துவிட்டது. பெயர் வைக்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் எங்கள் சொந்தபந்தத்தை எல்லாம் கேட்டு, ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு என்று போட்டார். எங்கள் இரண்டு பிள்ளைகளையும், நோய் கண்டவர்கள் என்று, மையால் நிரப்பினார்.

"யார் தப்பும் இல்லம்மா. ஆனா அடுத்த பிள்ளைக்கும் இது வரலாம். உங்க குடும்பத்துல இனிமே சொந்தத்துக்குள்ள கட்ட வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிருங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இத யார்கிட்டயும் சொல்லாத. அம்மைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. ஊரில் என்னை மலடி என்று சொல்லவில்லை. ராசி இல்லாதவள் என்றார்கள்.

அடுத்த வருஷமே என் தங்கச்சியை என் கொழுந்தனுக்குப் பேசினார்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள் அவள் என்னிடம் கேட்டாள்: "ஏக்கா, ஒனக்கு இதுல இஷ்டந்தான? மொகத்த ஒரு மாதிரி வச்சிருக்கியே."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "நல்ல பையன்ட்டி. என் பக்கத்துலயே இருப்பேல்லா" என்றேன். அவள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

அவளுக்குப் பையன் பிறந்தான். ஐந்தாம் மாதம் குளிப்பாட்டித் துவட்டும்போது அவன் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி வெடுக்கென்று துடித்தது. அப்போது வீட்டில் இருந்த வேறு யாருக்கும் அது வலிப்பின் ஆரம்பம் என்று தெரியாது. நான் துண்டால் கையை மூடினேன். சில மாதத்தில் அவன் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பையன். அவனும் ஆறு மாதம்தான் இருந்தான்.

மென்பொருளில் என் மகளைப் பெயரில்லாமல் சேமிக்க முடியவில்லை. கடைசியில் 'பெண் குழந்தை' என்று போட்டேன். தங்கச்சியின் பிள்ளைகள் இறந்த தேதி நினைவில் இல்லை. அவள் இப்போது செங்கோட்டையில் இருக்கிறாள். போனில் கேட்கக் கூடாது என்று ரயிலேறி நேரில் போனேன். தேதிகளைச் சொன்னாள், நாழிகை உட்பட. அதன் பிறகு நான் டாக்டர் போட்ட படத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்தான் சொல்லக் கூடாதுன்னாரா?"

"ஆமா. ஆனா நான் சொல்லியிருக்கலாம்."

"கல்யாணத்துக்கு முந்திதான் சொல்லல. சரி. மொதப் பிள்ளைக்குப் பொறவாவது சொல்லியிருக்கலாம்லாக்கா. ரெண்டாவத நான் பெத்திருக்கவே மாட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தேன். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.