இடுப்பில் ஏறிய மூன்று இஞ்ச்

தையல்கடைக்காரியை எல்லாரும் இஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் வாசலில் நிற்கும்போதே அளவைச் சொல்லிவிடுவாள். எத்தனையோ பெண்கள் உண்டாகியிருப்பதைப் புருஷனுக்கு முன்னால் கண்டுபிடித்தது இவள் டேப்தான். அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

காலேஜ் போகும் மகளுக்குப் புது உடுப்பு தைக்க அளவெடுத்தாள். நாலே மாதத்தில் இடுப்பில் மூன்று இஞ்ச் ஏறியிருந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை அளந்தாள். குளியலறை அலமாரியில் நாப்கின் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. சரி, தினமும் காலையில் அரை மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே என்ன செய்கிறாள்? எவனோடு பேச்சு? கதவில் காதை வைத்தாள், வெட்கங்கெட்டவள். ஒரு சத்தமும் இல்லை. அதனாலேயே சந்தேகம் முற்றியது.

பெற்ற பெண்ணிடம் நேரே கேட்டால் என்ன? வாய் வரவில்லை. "உடம்பு ஊதிட்டே போகுது, டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா மகளை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா, மனசுக்குள் கடையை மூடி, வீட்டைக் காலி பண்ணி, வேறு ஊருக்கே போய்விட்டாள். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்றார்கள். அக்கா நம்பவில்லை. பரிசோதனை தப்பும், டேப் தப்புமா?

ஒரு வாரத்தில் ரத்த ரிப்போர்ட்டும் ஸ்கேனும் வந்தன.

"தைராய்டு சரியா இருக்கு. ஆண் ஹார்மோன் கூடுதல். சினைப்பையில சின்னச் சின்ன நீர்க்கட்டி மாதிரி தெரியுது. நாலு மாசமா பீரியட்ஸ் இல்ல, பரு, தாடையில முடி. எல்லாம் சேர்த்துப் பார்த்தா பிசிஓஎஸ். பயப்படாதீங்க, கட்டுப்பாட்டுல வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"தாடையில முடியா?"

"தினமும் காலையில பிடுங்குறேன்," என்றாள் மகள். "அரை மணி நேரம் ஆகும். நீ கதவுக்கு வெளிய நிக்கிறது தெரியும்மா. கீழே நிழல் விழும்."

அக்கா ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினாள்.

"இடுப்பை மூணு தடவை அளந்தியே. மூஞ்சியை ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

கடையிலிருந்து கிளம்பிய அவசரத்தில் டேப் கழுத்திலேயே கிடந்தது. அக்கா அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். தாடையோரமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது.