ஆறுதல் பரிசுக்கு ஒரு ப்ளக்ஸ்

மதுரையில் காதுகுத்துக்கும் ப்ளக்ஸ் உண்டு, கண்ணீர் அஞ்சலிக்கும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியதற்கு ப்ளக்ஸ் வைக்கப்பட்ட ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வைத்தவர் என் தாய்மாமா. விளாங்குடியில் எங்கள் தெருவிலேயே குடியிருந்து சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மேடையேறிப் பாதியில் மறந்துபோய், நன்றி வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன். யாரும் கைதட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து மாமா மட்டும் விசிலடித்தார். டீச்சர்கள் திரும்பி முறைத்தார்கள். ஜெயிக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள். ஆறுதல் பரிசு என்பது அதுதான்.

மறுநாள் தெருமுனையில், சவுக்குக் கம்புகளால் கட்டிய சட்டத்தில், ரெட்டைச்சடையோடு நான் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். 'பேச்சுப் புயலே' என்று தலைப்பு வேறு. கீழ்மூலையில் கூலிங்கிளாஸ் போட்டுக் கைகூப்பியபடி மாமா. அம்மாவுக்கு மானம் போயிற்று.

“ஆறுதல் பரிசுக்கெல்லாம் எவனாச்சும் ப்ளக்ஸ் வைப்பானாடா? பாக்குறவுகல்லாம் சிரிக்கிறாக.”

“மொதப் பரிசு வாங்குனா ஊரே வைக்கும்க்கா. இப்பத்தேன் நாம வைக்கணும்.”

அதன்பிறகு சாயங்காலங்களில் அவருடைய ஆட்டோவின் பின்பக்கம்தான் எனக்கு மேடை. மாமா ரோட்டில் நின்று கேட்பார். நான் மறந்து நின்றால் எடுத்துக்கொடுக்க அவருக்குத் தெரியாது. கைதட்டத் தெரியும். அந்தச் சத்தத்தில் எப்படியோ அடுத்த வரி வந்துவிடும்.

அடுத்த வருஷப் போட்டி நெருங்கிய சமயம், கோரிப்பாளையத்தில் சரக்கை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்தறியாத மனிதர். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே சட்டத்தில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி ப்ளக்ஸ் ஏறியது. அவசரத்துக்கு வேறு படம் அகப்படாமல், என் ப்ளக்ஸில் இருந்த படத்தையே கூட்டாளிகள் பெரிதாக்கியிருந்தார்கள். அதே கூலிங்கிளாஸ், அதே கும்பிடு. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். அதில் என்னைத் தேடினேன். இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்த கூட்டாளியிடமே போய்க் கேட்டேன்.

“அண்ணே, எம்படத்த ஏன் போடல? என்னுதுல மாமா இருந்தாருல்ல?”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இந்த ஆள் எதற்கு அழுகிறார் என்று இருந்தது.

போட்டியில் அந்த முறை ஒரு வரிகூட மறக்கவில்லை. முதல் பரிசு. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே கோப்பையை வாங்கினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே தெருமுனைக்கு வந்தேன். மாமாவின் ப்ளக்ஸை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வெறும் கம்புகளும் அறுந்த கயிறும்தான் இருந்தன. அங்கேயே நின்றேன். ஆனையூரிலிருந்து வந்த சித்திகூட என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்ந்ததும் அம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

“இங்க என்னடி பண்ற, இம்புட்டு நேரமா?”

“ஊரு ப்ளக்ஸ் வைக்கும்ல? அதேன் நிக்கிறேன்.”

அம்மா திட்டவில்லை. கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளும் என்னோடு நின்றாள்.

இப்போது மேடையில் பேசுவதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. கூட்டம் நன்றாகவே கைதட்டுகிறது. தனியாக ஆட்டோ பிடித்து வீடு திரும்புகிறேன். அன்று அந்தச் சட்டத்தடியில் நின்றபோது, மாமா இனி வரமாட்டார் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ‘ஊரே வைக்கும்’ என்றாரே, அந்த ஊரும் அவர்தான் என்பது தெரியவில்லை.